ஐடி கட்டளையில் குழு காணவில்லையா? அறிகுறியை வைத்துப் பிடிப்போம்

பயனரைக் குழுவில் சேர்த்தாகிவிட்டது, கட்டளையும் எந்தப் பிழையும் சொல்லாமல் முடிந்தது, ஆனாலும் சீரியல் போர்ட்டைத் திறந்தால் அனுமதி மறுப்புதான் வருகிறது. லினக்ஸிலோ பிஎஸ்டியிலோ கொஞ்ச காலம் புழங்கியவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இந்த இடத்தில் வந்து நின்றிருப்பார்கள். அடுத்து பலருடைய கை தானாகப் போவது, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கும் சிஎச்மாட் 777-க்கு. தயவுசெய்து வேண்டாம். அது காரணத்தை மூடி மறைக்கும், அவ்வளவுதான். சாதனக் கோப்பாக இருந்தால் வயரைக் கழற்றி மாட்டியதும் பழைய அனுமதியே திரும்பி வந்து நிற்கும்.

கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பது எங்கே முக்கியமோ அங்கே மட்டும் தனியாகச் சொல்கிறேன். பயனர் பெயர் கயல், சீரியல் போர்ட்டைத் திறக்க உரிமையுள்ள குழுவின் பெயர் டயல்அவுட் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரே ஒரு சோதனை

குழு உறுப்பினர் விவரம் ஒரு இடத்தில் இல்லை, இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று பதிவேடு: /ஈடிசி/குரூப் கோப்பு, அல்லது எல்டேப் மாதிரி வெளியே இருக்கும் சர்வர். இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ப்ராசஸோடும் கர்னல் வைத்திருக்கும் எண் பட்டியல். லாகின் ஆகும் நேரத்தில் பதிவேட்டைப் பார்த்து இந்தப் பட்டியலை ஒருமுறை நிரப்புவார்கள், அதோடு சரி. அதன் பிறகு பிறக்கும் குழந்தை ப்ராசஸ்கள் எல்லாம் தாயிடமிருந்து அதே பட்டியலை வாங்கிக்கொண்டு போகும், பதிவேட்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கோப்பைத் திறக்கும்போது கர்னல் பார்ப்பதும் அந்த எண் பட்டியலை மட்டும்தான். /ஈடிசி/குரூப் என்று ஒரு கோப்பு இருப்பதே கர்னலுக்குத் தெரியாது.

இதனால்தான் ஐடி கட்டளைக்கு இரண்டு முகம். பெயர் கொடுக்காமல் அடித்தால் இப்போதைய ப்ராசஸின் பட்டியலைக் காட்டும், பெயர் கொடுத்து அடித்தால் பதிவேட்டைப் போய்ப் படித்துச் சொல்லும். பெரிய எழுத்து ஜி-யைச் சேர்த்தால் வெறும் எண்களாக வரும், ஒப்பிட அதுதான் வசதி:

ஐடி -ஜி
1000 24 27

ஐடி -ஜி கயல்
1000 20 24 27

இரண்டாவதில் 20 இருக்கிறது, முதலாவதில் இல்லை. டெபியன் குடும்பத்தில் 20 என்பது டயல்அவுட். ஆக, பதிவேடு சரியாக இருக்கிறது, ப்ராசஸ்தான் பழசு. இரண்டிலும் 20 இல்லையென்றால் பதிவேட்டிலேயே கோளாறு. இரண்டிலும் இருந்தும் அனுமதி மறுக்கப்படுகிறது என்றால் குழுவைக் குறை சொல்லிப் பயனில்லை, கோப்பைப் பாருங்கள். அபூர்வமாக முதலாவதில் கூடுதலாக ஒரு எண் இருக்கும். ஒன்று, நீங்கள் குழுவிலிருந்து நீக்கப்பட்ட பிறகும் பழைய செஷனிலேயே இருக்கிறீர்கள். இல்லையென்றால் பாம் குரூப் என்ற லாகின் மாட்யூல் /ஈடிசி/செக்யூரிட்டி/குரூப்.கான்ஃப் கோப்பைப் பார்த்து உள்ளே வரும்போது கையில் ஒன்றைத் திணித்திருக்கிறது.

இந்த இரண்டு வரிகளையும் பார்க்காமல் கீழே எதையும் செய்யாதீர்கள். பத்தில் எட்டு நேரம் விடை இங்கேயே கிடைத்துவிடும் என்பது என் அனுபவம்.

அறிகுறி: பதிவேட்டில் இருக்கிறது, என் டெர்மினலில் இல்லை

லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள் என்பார்கள். சரியான பதில்தான். ஆனால் "செய்துவிட்டேன், இன்னும் வரவில்லை" என்று சொல்பவர்கள்தான் அதிகம், அவர்கள் பொய் சொல்லவில்லை. லாக்அவுட் செய்தோம் என்று நாம் நினைப்பதற்கும் ப்ராசஸ் உண்மையில் சாவதற்கும் நடுவே நிறைய ஓட்டைகள் இருக்கின்றன.

புது டெர்மினல் சாளரம் திறப்பது லாகின் ஆகாது. டெஸ்க்டாப் எப்போது தொடங்கியதோ அப்போதைய பட்டியல்தான் அதற்கும் வரும். இணைப்பு அறுந்தாலும் டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் டீமக்ஸும் ஸ்கிரீனும் இன்னும் மோசம்: தொலைவிலிருந்து உள்ளே வரும் எஸ்எஸ்எச் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திரும்ப வந்து பழைய டீமக்ஸில் ஒட்டிக்கொண்டால், மூன்று மாதம் முன்பு தொடங்கிய டீமக்ஸ் சர்வரின் பட்டியலோடுதான் உட்கார்ந்திருப்பீர்கள், அதில் புதிதாகத் திறக்கும் ஜன்னலும் அந்தச் சர்வரின் பிள்ளைதான். டீமக்ஸுக்கு வெளியே ஐடி அடித்தால் குழு இருக்கும், உள்ளே அடித்தால் இருக்காது. இதற்கு டீமக்ஸ் கில்-சர்வர் தவிர வேறு வழியில்லை. உள்ளே ஓடிக்கொண்டிருப்பதைச் சேமித்துவிட்டுச் செய்யுங்கள்.

எஸ்எஸ்எச்சில் கன்ட்ரோல்மாஸ்டர் வசதியைப் பயன்படுத்துபவர்களுக்குத் தனியாக ஒரு குழி இருக்கிறது. ஒரே இணைப்பின் மேல் பல செஷன்களை ஓட்டும்போது, எதிர்முனையில் ஏற்கெனவே உங்கள் பெயருக்கு மாறிய எஸ்எஸ்எச்டி ப்ராசஸ் ஒன்று உயிரோடு இருக்கும், புது செஷன் அதிலிருந்துதான் கிளைக்கும். வெளியே வந்தேன், உள்ளே போனேன் என்று நினைப்பீர்கள், அந்த ப்ராசஸோ அசையாமல் அங்கேயே இருக்கும். எஸ்எஸ்எச் கட்டளையில் பெரிய எழுத்து ஓ, அதன் பின்னால் எக்ஸிட், பிறகு ஹோஸ்ட் பெயர் கொடுத்தால் அந்த மூல இணைப்பு மூடிக்கொள்ளும். தொலைவிலிருந்து எடிட்டரை இணைத்து வேலை செய்பவர்களுக்கும் இதே கதைதான், எடிட்டர் அந்தப் பக்கம் நிறுவி ஓட்டும் சர்வர் ப்ராசஸைக் கொன்றால்தான் அதன் டெர்மினலில் குழு வரும்.

டெஸ்க்டாப்பில் சிக்கல் வேறு ரகம். சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி இருக்கும் கணினியில் ஒவ்வொரு பயனருக்கும் தனியாக ஒரு மேனேஜர் ப்ராசஸ் ஓடும். க்னோம் டெர்மினல் போன்றவை அதன் கீழ்தான் பிறக்கின்றன. அதே பயனர் வேறெங்காவது ஒரு எஸ்எஸ்எச் செஷனைத் திறந்து வைத்திருந்தால் டெஸ்க்டாப்பை லாக்அவுட் செய்தாலும் இந்த மேனேஜர் சாகாது. லாக்அவுட்டுக்குப் பிறகும் மேனேஜரை ஓட விடும் லிங்கர் அமைப்பு இயக்கப்பட்டிருந்தால் எப்போதுமே சாகாது, ரூட் (நிர்வாகி) அதிகாரம் இல்லாமல் கண்டெய்னர் ஓட்டுபவர்கள் இதை இயக்கிவிட்டு மறந்திருப்பார்கள். இதெல்லாம் இல்லாவிட்டாலும் கடைசி செஷன் முடிந்த பிறகு மேனேஜர் இயல்பாகவே 10 விநாடி காத்திருந்துதான் மூடும். லாக்அவுட் அடித்த கையோடு வேகமாக பாஸ்வேர்டைத் தட்டி உள்ளே வருபவர் பழைய மேனேஜரையே போய்ப் பிடிக்கிறார். வேகமாக டைப் செய்வதற்கு இப்படியும் ஒரு தண்டனை.

யார் பழசு என்று ஊகிக்க வேண்டியதில்லை. சந்தேகப்படும் ப்ராசஸின் எண்ணை பிஎஸ் வைத்துக் கண்டுபிடித்து, /ப்ராக் அடைவுக்குள் அந்த எண்ணின் கீழ் இருக்கும் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறங்கள். குரூப்ஸ் என்று தொடங்கும் வரியில் அந்த ப்ராசஸின் கையில் இருக்கும் எண்கள் அப்படியே இருக்கும். ஷெல், அதன் தாய், அதற்கும் தாய் என்று ஏறிக்கொண்டே போனால் எந்தப் படியில் 20 காணாமல் போகிறது என்று தெரிந்துவிடும். நான் இதைத்தான் முதலில் செய்வேன், ரீபூட் எல்லாம் அப்புறம்.

பிடிபட்ட பிறகு லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூசர் கயல் என்று ரூட்டாகக் கொடுத்தால் அந்தப் பயனரின் எல்லாச் செஷனும் ஒரே அடியில் போய்விடும். திறந்திருக்கும் வேலையும் கூடவே போகும், எச்சரிக்கையாக இருங்கள். கணினி உங்கள் ஒருவருக்கு மட்டும் என்றால் ரீபூட் செய்துவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

லாக்அவுட் செய்ய முடியாத நிலை, இந்த ஒரு டெர்மினலில் மட்டும் இப்போதே வேண்டும் என்றால் இரண்டு குறுக்கு வழி. எஸ்யூ, இடைவெளி, ஒரு கோடு, உங்கள் சொந்தப் பெயர். உங்கள் பாஸ்வேர்டையே கேட்டுவிட்டுப் புது லாகின் ஷெல் திறக்கும், பட்டியல் முழுவதும் புதிதாக நிரம்பியிருக்கும். இன்னொன்று நியூஜிஆர்பி டயல்அவுட். இதுவும் வேலை செய்யும், ஆனால் அந்த ஷெல்லில் டயல்அவுட்டே உங்கள் முதன்மைக் குழுவாகிவிடும், அதற்குள் உருவாக்கும் கோப்புகள் எல்லாம் அந்தக் குழுவின் பெயரில் போய் நிற்கும். இரண்டு வாரம் கழித்து ப்ராஜெக்ட் அடைவில் பாதிக் கோப்பு டயல்அவுட் என்று காட்டினால் காரணம் இதுதான். ஒரு காலத்தில் யூனிக்ஸில் ஒரு நேரத்தில் ஒரு குழுவில்தான் இருக்க முடியும், மாற வேண்டுமென்றால் நியூஜிஆர்பிதான். ஒரே சமயத்தில் பல குழுக்களில் இருக்கும் வசதி 1983-இல் 4.2பிஎஸ்டியோடு வந்தது. அந்தப் பழைய பழக்கம் இன்னும் இந்தக் கட்டளையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அறிகுறி: பதிவேட்டிலேயே பெயர் இல்லை

சேர்த்தேனே என்பீர்கள். யாரைச் சேர்த்தீர்கள் என்று ஹிஸ்டரியில் பாருங்கள். இணையத்தில் கிடைக்கும் வரிகளில் பயனர் பெயருக்குப் பதிலாக டாலர் யூசர் என்ற மாறி இருக்கும். அதை ரூட் ஷெல்லுக்குள் நின்றுகொண்டு ஒட்டினால் அந்த மாறியின் மதிப்பு ரூட். ரூட்டை டாக்கர் குழுவில் சேர்த்துவிட்டு கட்டளை சத்தமில்லாமல் வெற்றிகரமாக முடியும். ரூட் அதிகாரத்தில் கட்டளை ஓட்ட உதவும் சூடோ வழியாக ஓடும் நிறுவல் ஸ்கிரிப்டுகளிலும் இதே பிழை இருக்கும், அங்கே சூடோ யூசர் என்ற மாறியைத்தான் பயன்படுத்தியிருக்க வேண்டும். போகிற போக்கில் ஒன்று: டாக்கர் குழுவில் சேர்ப்பதும் ரூட் அதிகாரம் கொடுப்பதும் ஒன்றுதான், யோசித்துச் சேருங்கள்.

கெட்என்ட் குரூப் டயல்அவுட் என்று அடித்தால் அந்தக் குழுவின் வரி வரும், கடைசிப் பகுதியில் உறுப்பினர் பெயர்கள் காற்புள்ளி போட்டு இருக்கும். பெயர் அங்கே இல்லை, ஆனால் ஐடி கயல் என்றால் குழு தெரிகிறது என்றால் பதறாதீர்கள், அது முதன்மைக் குழு. முதன்மைக் குழுவின் எண் /ஈடிசி/பாஸ்வேர்ட் கோப்பின் நான்காவது புலத்தில் இருக்கும், குரூப் கோப்பில் பெயர் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதற்கு நேர் எதிரான நிலைதான் தலைவலி. பெயர் கண்ணெதிரே கோப்பில் இருக்கிறது, ஐடி கயல் அதை ஏற்கவில்லை. ஒரு தடவை இதில் பாதி நாள் போனது எனக்கு. அந்தக் குழுவில் நான்கு பேர், மூன்று பேருக்கு வேலை செய்கிறது, வரியின் கடைசியில் இருப்பவருக்கு மட்டும் இல்லை. பெயரை அழித்துத் திரும்ப அடித்தேன், எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன், ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் கேட் கட்டளையில் பெரிய எழுத்து ஏ கொடுத்துப் பார்த்தபோது, மற்ற வரிகள் வெறும் டாலர் குறியோடு முடிய அந்த ஒரு வரி மட்டும் கூரைக்குறி, எம், அதன் பிறகு டாலர் என்று முடிந்தது. யாரோ விண்டோஸ் எடிட்டரிலிருந்து அந்த வரியை ஒட்டியிருக்கிறார்கள். வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து கடைசிப் பெயரோடு ஒட்டிக்கொண்டு, கயல் என்பது "கயலும் இன்னொன்றும்" ஆகிவிட்டது. அப்படி ஒரு பயனர் உலகத்திலேயே இல்லை. காற்புள்ளி போட்டு அவருக்குப் பின்னால் வேறொருவரைச் சேர்த்திருந்தால் கோளாறு அவருக்குத் தாவியிருக்கும், நான் இன்னும் குழம்பியிருப்பேன்.

அதனால் இந்தக் கோப்பைச் சாதாரண எடிட்டரில் திறக்காதீர்கள். கையால் திருத்தியே ஆக வேண்டுமென்றால் விஐஜிஆர் இருக்கிறது, அது திருத்தும்போது கோப்பைப் பூட்டி வைக்கும். ஜிஆர்பிசிகே கட்டளையைச் சிறிய எழுத்து ஆர் கொடுத்து ஓட்டினால் எதையும் மாற்றாமல் தப்பை மட்டும் சொல்லும்: ஒரே பெயரில் இரண்டு வரி, இல்லாத பயனர், குழு பாஸ்வேர்டுகள் இருக்கும் ஜிஷேடோ கோப்போடு ஒத்துப்போகாத வரி.

ஃபெடோரா சில்வர்ப்ளூ போல அடிப்படை அமைப்பை மாற்ற முடியாத வகைகளில் வேறொரு விசித்திரம். கெட்என்ட் குழுவைக் காட்டும், பயனரைக் குழுவில் சேர்க்கும் யூசர்மாட்டோ அப்படி ஒரு குழுவே இல்லை என்று சாதிக்கும். அங்கே சில குழுக்கள் /யுஎஸ்ஆர்/லிப்/குரூப் கோப்பில் இருக்கின்றன, யூசர்மாட்டுக்கு /ஈடிசி/குரூப் மட்டும்தான் தெரியும். அந்தக் குழுவின் வரியை அங்கிருந்து எடுத்து இங்கே கடைசியில் சேர்த்துவிட்டு அதன் பிறகு யூசர்மாட் ஓட்டுங்கள்.

மேக்கில் /ஈடிசி/குரூப்பைத் திருத்திவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள், சாதாரணமாக ஓடும்போது உறுப்பினர் விவரம் ஓப்பன் டைரக்டரியிலிருந்து வருகிறது, டிஎஸ்எடிட்குரூப்தான் அதற்கான கருவி. ஃப்ரீபிஎஸ்டியில் பிடபிள்யூ குரூப்மாட், சிறிய எழுத்து எம். ஆல்பைனில் ஆட்குரூப், முதலில் பயனர், பிறகு குழு.

அறிகுறி: ஒன்றைச் சேர்த்தேன், மற்றதெல்லாம் போய்விட்டது

இது பயமுறுத்தும் வகை. லினக்ஸில் யூசர்மாட் கட்டளையின் பெரிய எழுத்து ஜி "இந்தக் குழுவில் சேர்" என்று சொல்வதில்லை, "துணைக் குழுக்கள் இனி இவை மட்டுமே" என்று சொல்கிறது. கூடவே சிறிய எழுத்து ஏ இருந்தால்தான் சேர்க்கும். யூசர்மாட் -ஜி டயல்அவுட் கயல் என்று அடித்த நொடியில் சூடோ, வீடியோ, டாக்கர் எல்லாம் பறிபோகும், எச்சரிக்கை ஒரு வரிகூட வராது. ஏ-யும் ஜி-யும் இருந்தால் போதும், வரிசை எதுவானாலும் சரி என்றும் நினைக்காதீர்கள், ஜி முன்னால் வந்து ஏ அதில் ஒட்டியிருந்தால் அந்த ஏ-வையே குழுவின் பெயராக எடுத்துக்கொள்ளும். இந்தக் காரணத்தால் நான் யூசர்மாட்டை விட்டுவிட்டு ஜிபாஸ்வேர்ட், சிறிய எழுத்து ஏ, பயனர், குழு என்றே அடிக்கிறேன். அதைக் கொண்டு ஒருவரைச் சேர்க்கும்போது மற்ற குழுக்களைத் தற்செயலாகக்கூட அழிக்க முடியாது.

சரி, நடந்தாகிவிட்டது. முதல் விதி: அந்த டெர்மினலை மூடாதீர்கள். லாக்அவுட் செய்யாதீர்கள். இதுவரை எரிச்சலூட்டிய அதே பழைய பட்டியல் இப்போது உங்களைக் காப்பாற்றப் போகிறது. பதிவேட்டிலிருந்து சூடோ குழு போய்விட்டது, ஆனால் உங்கள் ஷெல் ப்ராசஸின் கையில் அதன் எண்ணான 27 இன்னும் இருக்கிறது, சூடோ நிரல் இயல்பாகக் கர்னலிடம்தான் உங்கள் குழுப் பட்டியலைக் கேட்கும். தொலைவில் இருக்கும் சர்வர் ஒன்றில் இதே தப்பைச் செய்துவிட்டு, வேறொரு ஜன்னலில் லாகின் செய்து சோதித்தபோது சூடோ என்னை ஏற்கவில்லை. வியர்த்துவிட்டது. பழைய ஜன்னல் திறந்திருந்ததால் அதிலிருந்து ஜிபாஸ்வேர்ட் அடித்து மீண்டேன்.

எந்தெந்தக் குழுக்கள் இருந்தன என்று ஞாபகம் இல்லையென்றால் அதே பழைய ஷெல்லில் பெயர் கொடுக்காமல் ஐடி அடியுங்கள், பட்டியல் முழுவதும் அங்கே இருக்கும். இன்னொரு இடமும் உண்டு: இந்தக் கருவிகள் கோப்பை மாற்றும் முன் பழைய பிரதியை /ஈடிசி/குரூப் என்ற பெயரின் முடிவில் ஒரு கழித்தல் குறியோடு வைத்துவிட்டுப் போகும். இரண்டையும் டிஃப் போட்டால் போனது எது என்று வரி வரியாகத் தெரியும். ஒரே ஒரு பிரதிதான், பதற்றத்தில் இன்னொரு யூசர்மாட் அடித்தால் அதுவும் மேலெழுதப்பட்டுவிடும், எனவே முதலில் அதை வேறு பெயரில் நகலெடுங்கள்.

பழைய ஷெல்லும் போய், ரூட் பாஸ்வேர்டும் இல்லையென்றால் ரெக்கவரி மோடில் பூட் செய்து, மூல ஃபைல் சிஸ்டத்தை எழுதும் நிலையில் ரீமவுன்ட் செய்து, அங்கிருந்து சேர்க்க வேண்டியதுதான்.

அறிகுறி: நான் கையால் ஓட்டினால் சரி, சர்வீஸாக ஓட்டினால் இல்லை

சர்வீஸ் எப்போது தொடங்கியதோ அப்போதைய பட்டியல்தான் அதற்கு. வெப் சர்வரின் பயனரை ஒரு குழுவில் சேர்த்தால் அந்தச் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள், ரீலோட் போதுமா என்று நிரலுக்கு நிரல் ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். பயனர் அளவில் ஓடும் சர்வீஸ் என்றால் அதை மட்டும் ரீஸ்டார்ட் செய்து பயனில்லை, அதன் தாயான பயனர் மேனேஜரே பழசு, மேலே சொன்ன டெர்மினேட்-யூசர்தான் வழி. சிஸ்டம்டி யூனிட்டில் சப்ளிமென்டரி குரூப்ஸ் என்ற வரியைச் சேர்த்தால் பதிவேட்டைத் தொடாமலே அந்தச் சர்வீஸுக்கு மட்டும் கூடுதல் குழு கொடுக்கலாம், எனக்கு அதுதான் பிடிக்கும், யாருக்கு ஏன் கொடுத்தோம் என்பது யூனிட் கோப்பிலேயே எழுதி இருக்கும். சொந்தமாக எழுதிய துவக்க நிரல்களில், பயனரை மாற்றும் முன் குழுப் பட்டியலை நிரப்பும் இனிட்குரூப்ஸ் அழைப்பை விட்டிருப்பார்கள். அப்போது சர்வீஸுக்கு அதன் சொந்தக் குழுக்கள் கிடைக்காது, ரூட்டின் துணைக் குழுக்கள் ஒட்டிக்கொண்டு வரும், பாதுகாப்புக்கு அது இன்னும் மோசம்.

அறிகுறி: டொமைன் பயனருக்கு மட்டும் குழு வரவில்லை

இங்கே பதிவேடு வேறொரு கணினியில் இருக்கிறது, நடுவில் எஸ்எஸ்எஸ்டி போன்ற ஒரு இடைத்தரகர். சர்வரில் நிர்வாகி சேர்த்துவிட்டார், உங்கள் பக்கம் தெரியவில்லை என்றால் முதல் சந்தேகம் கேஷ். எஸ்எஸ்எஸ்டி ஒரு பதிவை இயல்பாக 5400 விநாடி, அதாவது ஒன்றரை மணி நேரம் வைத்திருக்கும். எஸ்எஸ்எஸ்-கேஷ் கட்டளையில் பெரிய எழுத்து ஈ கொடுத்தால் எல்லாம் காலாவதி ஆகும், பிறகு புதிதாக லாகின் செய்யுங்கள். என்எஸ்சிடி என்ற பழைய கேஷும் கூடவே ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக ஓடினால் ஒன்றைக் காலி செய்ய இன்னொன்று பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும்.

கேஷ் காரணம் இல்லையென்றால், விவரங்களை எந்தெந்த மூலத்தில் தேட வேண்டும் என்று சொல்லும் /ஈடிசி/என்எஸ்எஸ்விட்ச்.கான்ஃப் கோப்பைப் பாருங்கள். அதில் குரூப் வரியில் ஃபைல்ஸ் என்பதோடு எஸ்எஸ்எஸ் இருக்க வேண்டும், இதைப் பலர் பார்ப்பார்கள். பார்க்கத் தவறுவது இனிட்குரூப்ஸ் என்ற தனி வரி. அந்த வரி இல்லாதவரை ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) எல்லா மூலங்களையும் கேட்டுக் கூட்டிச் சேர்க்கும். இருந்துவிட்டால், முதலில் வெற்றி தந்த மூலத்தோடு நின்றுவிடும். ஒரு டொமைன் பயனரை உள்ளூர் குழு ஒன்றில் சேர்த்தவுடன் அவருடைய டொமைன் குழுக்கள் எல்லாம் மறைந்துபோனால் இந்த வரியைச் சந்தேகப்படுங்கள். வெற்றி கிடைத்தாலும் தொடர்ந்து போ என்று அந்த வரியில் எழுத வேண்டும், அல்லது வரியையே எடுத்துவிடலாம்.

உள்ளூர் குரூப் கோப்பில் டொமைன் பயனரின் பெயரை எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஐடி அவரை டொமைனோடு சேர்த்த முழுப்பெயரில் காட்டினால் கோப்பிலும் அதே முழுப்பெயர்தான் வேண்டும், சுருக்கப் பெயர் வேறு ஆள். குழுக்கள் எல்லாம் வருகின்றன, ஆனால் உறுப்பினர் யாருமே இல்லாமல் வெறுமையாக வருகின்றன என்றால் ஸ்கீமா மாறியிருக்கிறது: ஆர்எஃப்சி2307 முறையில் உறுப்பினர் வெறும் பயனர் பெயராக இருப்பார், 2307பிஸ் முறையில் முழு எல்டேப் முகவரியாக இருப்பார். சர்வர் ஒன்றைப் பேச, எஸ்எஸ்எஸ்டி இன்னொன்றை எதிர்பார்க்கிறது. குழுவுக்குள் குழு, அதற்குள் குழு என்று அடுக்கி வைத்திருந்தால் எத்தனை படி இறங்கிப் பார்க்க வேண்டும் என்ற அமைப்பும் இருக்கிறது, அதன் இயல்பான மதிப்பு 2.

அறிகுறி: ஐடி-யில் குழு இருக்கிறது, கோப்பு இன்னும் திறக்கவில்லை

அந்தக் கோப்பு உண்மையிலேயே அந்தக் குழுவுக்குச் சொந்தமா? டெபியனிலும் ஃபெடோராவிலும் யுஎஸ்பி சீரியல் சாதனம் டயல்அவுட் குழுவுடையது, ஆர்ச்சில் அது யுயுசிபி. வேறு டிஸ்ட்ரோவுக்கான குறிப்பைப் படித்துவிட்டு சம்பந்தமில்லாத குழுவில் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். எல்எஸ் -எல் முதலில் அடியுங்கள்.

நேம்ஐ -எல் என்று முழுப் பாதையையும் கொடுத்தால் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு அடைவின் அனுமதியும் வரிசையாக வரும். நடுவில் ஒரு அடைவில் உங்களுக்கு எக்ஸ், அதாவது உள்ளே நுழையும் அனுமதி, இல்லையென்றால் அதற்குள் இருக்கும் கோப்பின் அனுமதி என்னவாக இருந்தாலும் பயனில்லை. அப்புறம் பலருக்குத் தெரியாத ஒன்று: கோப்பின் உரிமையாளர் நீங்களே என்றால் கர்னல் உரிமையாளருக்கான மூன்று பிட்டுகளை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடும், குழுவுக்கான அனுமதி தாராளமாக இருந்தாலும் அங்கே போகவே போகாது. உரிமையாளருக்கு எதுவும் இல்லை, குழுவுக்கு எல்லாம் உண்டு என்று ஒரு கோப்பை உருவாக்கிச் சோதித்துப் பாருங்கள், சொந்தக் கோப்பே உங்களை வெளியே நிறுத்தும்.

அனுமதி வரியின் முடிவில் கூட்டல் குறி இருந்தால், தனித்தனியாகக் கொடுத்த கூடுதல் அனுமதிகளைக் காட்டும் கெட்எஃப்ஏசிஎல் போட்டுப் பாருங்கள். மாஸ்க் என்ற வரி குழுவின் அனுமதியைக் குறைத்திருக்கலாம். கணினி முன்னால் உட்கார்ந்தால் சாதனம் வேலை செய்கிறது, எஸ்எஸ்எச் வழியாக வந்தால் இல்லை என்பதும் இந்தக் கூட்டல் குறியின் விளையாட்டுதான். நேரில் லாகின் ஆகியிருப்பவருக்கு, செஷன்களைக் கவனிக்கும் லாகின்டி தற்காலிகமாக ஒரு தனி அனுமதி எழுதி வைக்கும், நீங்கள் குழுவிலேயே இல்லாமல் இத்தனை நாள் அதில் ஓட்டியிருக்கிறீர்கள்.

அறிகுறி: உள்ளூர் டிஸ்கில் சரி, என்எஃப்எஸ்ஸில் மட்டும் இல்லை

உங்கள் குழுக்களை எண்ணுங்கள். லினக்ஸ் கர்னல் 2.6.4-இலிருந்து ஒரு ப்ராசஸுக்கு 65536 துணைக் குழுக்கள் வரை தாங்கும், ஆனால் நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ்ஸின் சாதாரண அடையாள முறையில் ஒரு கோரிக்கையில் 16 துணைக் குழுக்களுக்குத்தான் இடம். பதினேழாவதாக இருப்பது கிளையன்டிலேயே வெட்டுப்படும், பிழைச் செய்தி கிடையாது. ஒருவரைப் புதுக் குழு ஒன்றில் சேர்த்த மறுநாள் அவருக்குச் சம்பந்தமே இல்லாத பழைய அடைவு திறக்காமல் போகும். கேட்டால் நேற்றுவரை வேலை செய்தது என்பார், உண்மைதான்.

சர்வரில் மவுன்ட்டி என்ற என்எஃப்எஸ் நிரலுக்கு மேனேஜ்-ஜிஐடிஸ் அமைப்பை இயக்கினால், கிளையன்ட் அனுப்பும் பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டு சர்வர் தானே பதிவேட்டைப் பார்க்கும், 16 என்ற வரம்பு போய்விடும். பதிலுக்கு ஒரு புதுச் சிக்கல் வரும்: இப்போது சர்வரின் பதிவேட்டில் அந்தப் பயனர் இருக்க வேண்டும். கிளையன்டில் மட்டும் குழுவில் சேர்த்துவிட்டு, ஐடி எல்லாம் சரியாகக் காட்டுகிறதே என்று கிளையன்டையே நோண்டிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். ஐடி கயலை சர்வரில் போய் அடியுங்கள்.

அறிகுறி: கண்டெய்னருக்குள் எல்லாம் 65534

ரூட் இல்லாத கண்டெய்னருக்குள் ஐடி அடித்தால் உங்கள் குழுக்கள் நோகுரூப் என்றோ 65534 என்றோ வரும். பயனர் நேம்ஸ்பேஸுக்குள் இணையாக எண் ஒதுக்கப்படாத எல்லாக் குழுவும் இப்படித்தான் தெரியும். பாட்மேன் என்ற கண்டெய்னர் கருவியில் குரூப்-ஆட் என்ற விருப்பத்துக்கு கீப்-குரூப்ஸ் என்ற மதிப்பைக் கொடுத்தால் வெளியே இருந்த குழுக்களோடு உள்ளே போகலாம், சிரன் ரன்டைம் இருக்க வேண்டும். உள்ளே எண் 65534 என்றே காட்டினாலும் அனுமதி வேலை செய்யும், கர்னல் உண்மையான எண்ணைத்தான் பார்க்கிறது. கண்டெய்னருக்குள் இருக்கும் குரூப் கோப்பு வேறு என்பதையும் மறக்காதீர்கள், வெளியே டயல்அவுட் 20 என்றால் உள்ளே 20 வேறு ஏதோ ஒரு பெயராக இருக்கலாம். எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

அறிகுறி: சேர்த்தால் வருகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகப் போய்விடுகிறது

யாரோ நீக்குகிறார்கள், அந்த யாரோ பெரும்பாலும் ஒரு ஸ்கிரிப்ட். கணினிகளைத் தானாக அமைத்துவைக்கும் ஆன்சிபிளின் யூசர் மாட்யூலில் குழுக்களைக் குறிப்பிட்டுவிட்டு அப்பெண்ட் என்பதை இயக்காமல் விட்டால், ஒவ்வொரு ஓட்டத்திலும் பட்டியலில் இல்லாத குழுக்களை உருவிவிடும், யூசர்மாட்டில் ஏ விட்டுப்போன அதே கதை, இங்கே கால அட்டவணை போட்டு நடக்கிறது. நிக்ஸ்ஓஎஸ்ஸில் கையால் சேர்த்தது நிலைக்க வேண்டுமென்று எதிர்பார்க்காதீர்கள், அமைப்புக் கோப்பில் எக்ஸ்ட்ரா குரூப்ஸ் பட்டியலில் எழுதி ரீபில்ட் செய்யுங்கள். எது நீக்குகிறது என்று தெரியவில்லையென்றால் /ஈடிசி/குரூப் கோப்பு கடைசியாக மாறிய நேரத்தை ஸ்டாட் கொண்டு எடுத்து, அதே நிமிடத்தில் ஜர்னலில் யூசர்மாட் என்ன எழுதியிருக்கிறது, அதற்குச் சற்று முன் யார் சூடோ செய்தார்கள் என்று பாருங்கள், பெயர் அங்கே இருக்கும்.